இரண்டு மாத டாங்கிக்கு இருபது வருடத் துரு

பிப்ரவரியில் பிறந்து ஏப்ரலில் பிடிபட்ட ஒரு வண்டிக்கு எவ்வளவு துரு பிடித்திருக்கும்?

கேள்வி விளையாட்டுக்குக் கேட்டதல்ல. அப்படி ஒரு வண்டி நிஜமாகவே இருக்கிறது. 1943 பிப்ரவரியில் ஜெர்மனியின் காஸல் நகரத்தில் ஒரு டைகர் டாங்கி செய்து முடிக்கப்பட்டது. அங்கிருந்து வட ஆப்பிரிக்காவில் உள்ள துனீசியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஏப்ரலில் நடந்த சண்டையில் பிரிட்டிஷ் குண்டு ஒன்று அதன் பீரங்கிக் குழலுக்கு அடியில் பட்டு, டரட் எனப்படும் மேல்பகுதி சுழலும் வளையத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. தலையைத் திருப்ப முடியாத டாங்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உள்ளே இருந்தவர்கள் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்கள். அந்த வண்டியின் எண் 131. இங்கிலாந்தில் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஓடும் நிலையில் இருக்கிறது. 2014-ல் வந்த 'ஃப்யூரி' படத்தில் நடித்தும் விட்டது.

ஆக, ஜெர்மானியர் கையில் இந்த வண்டி இருந்தது இரண்டு மாதம், மிஞ்சிப் போனால் மூன்று மாதம். அதிலும் ஒரு பகுதி பயணத்திலேயே கழிந்தது.

இப்போது இதே 131-ஐ முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக்கில் செய்து, வண்ணம் பூசி, கண்காட்சி மேசையில் கொண்டுவந்து வைக்கிறார் ஒரு மாடலர். பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஆரஞ்சு நிறத்தில் துரு வழிகிறது. விளிம்புக்கு விளிம்பு பெயிண்ட் பெயர்ந்து இரும்பு பல்லைக் காட்டுகிறது. மட்கார்டு கரும்பு ஆலைப் பழைய இரும்பு மாதிரி அரித்துப் போயிருக்கிறது. பார்ப்பவர்கள் "அடடா, என்ன தத்ரூபம்!" என்கிறார்கள். பரிசும் கிடைத்துவிடுகிறது.

தத்ரூபமா? எதனுடைய தத்ரூபம்? இருபது வருடம் மழையில் கிடந்த ஒரு வண்டியின் தத்ரூபம். 131-க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இந்தக் கலையின் பெயர் 'வெதரிங்'. வெயில், மழை, சேறு, புழுதி, எண்ணெய், தேய்மானம் இவையெல்லாம் ஒரு வண்டியின் மேல் விட்டுப்போகும் அடையாளங்களைச் சின்ன மாடலில் கொண்டுவருவது. ஸ்கேல் மாடல் உலகத்தில் பாதி உழைப்பும் முக்கால்வாசிப் பெருமையும் இதில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டுவது யாருக்கும் வந்துவிடும். பெயிண்ட் அடிக்கும்போதுதான் ஆள் யார் என்று தெரியும் என்பார்கள். அது உண்மைதான். அதனால்தான் இதில் நடக்கும் கூத்தைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1/35 என்ற அளவே ஒரு தற்செயல். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டமியா கம்பெனி மோட்டார் வைத்த பாந்தர் டாங்கி ஒன்றைக் கொண்டுவந்தது. உள்ளே பேட்டரி நுழையவேண்டும் என்பதற்காக வண்டியின் அளவு முடிவானது. அப்படி வந்த 1/35 பிறகு உலகத்துக்கே வழக்கமாகிவிட்டது. அப்போதெல்லாம் மாடல் என்றால் பச்சையோ சாம்பலோ ஒரே வண்ணம் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, அலமாரியில் வைப்பது. பார்க்கப் பொம்மை மாதிரிதான் இருக்கும்.

1970-களில் அமெரிக்காவின் ஷெப் பெய்ன் போன்றவர்கள் வந்தார்கள். கிட் பெட்டிகளுக்குள் அவர் செய்த டயோரமாக்களின் படங்கள் சிறு துண்டுப் பிரதிகளாக வந்தன. 1980-ல் டயோரமா செய்வது பற்றி அவர் எழுதிய புத்தகம் ஒரு தலைமுறைக்கே பாடநூல். பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா வெர்லிண்டன், நீர்த்த கறுப்பு வண்ணத்தை இடுக்குகளில் ஓடவிடும் 'வாஷ்', கிட்டத்தட்டக் காய்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் தடவும் 'ட்ரை பிரஷிங்' இரண்டையும் ஊருக்கெல்லாம் பழக்கினார். 2000-களில் மிக் ஹிமெனெஸ் முதலான ஸ்பெயின்காரர்களின் அலை அடித்தது. பிக்மெண்ட் பொடி, ஃபில்டர், ஒவ்வொரு தகட்டுக்கும் வெளிச்சம் கூட்டிக் குறைத்து அடிக்கும் பாணி என்று எல்லாம் மாறிப்போனது. தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேயை இரண்டு பெயிண்டுகளுக்கு நடுவில் அடித்து, மேலே தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பெயிண்டைச் செதில் செதிலாகப் பெயர்க்கும் வித்தையும் வந்தது.

இவர்கள் யாரும் குற்றவாளிகள் அல்ல. ஒவ்வொருவரும் கண்ணால் பார்த்ததைக் கைக்குக் கொண்டுவர ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குற்றம் அடுத்து வந்தவர்களுடையது. வழியை மட்டும் எடுத்துக்கொண்டு, எதற்கு வழி என்பதை விட்டுவிட்டார்கள்.

இன்றைக்கு ஒரு கடைக்குப் போனால் துரு ஒரு பாட்டில், பழைய துரு இன்னொரு பாட்டில், மழைக்கறை ஒரு பாட்டில், எஞ்சின் எண்ணெய் ஒரு பாட்டில், குளிர்காலச் சேறு தனி, கோடைச் சேறு தனி என்று வரிசையாக இருக்கும். பொடிமசாலா மாதிரி. வாங்கிய பாட்டிலைத் திறக்காமல் வைக்க யாருக்கு மனசு வரும்? சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, கறிமசாலா மூன்றையும் ஒரே குழம்பில் கொட்டினால் என்ன ஆகும்? மாடலில் அதைத்தான் செய்கிறார்கள்.

அதைவிடப் பெரிய வியாதி ஒன்று இருக்கிறது. மாடலைப் பார்த்து மாடல் செய்வது. நிஜ டாங்கியின் புகைப்படத்தைப் பார்த்துச் செய்தவர் முதல் ஆள். அவர் கொஞ்சம் கூட்டிச் செய்தார். இரண்டாவது ஆள் முதல் ஆளின் மாடலைப் பார்த்துச் செய்து, இன்னும் கொஞ்சம் கூட்டினார். பத்தாவது ஆள் வரும்போது டாங்கி போய்விட்டது, துரு மட்டும் மிச்சம். கண்டதே காட்சி, கொண்டதே கோலம்.

சரி, நிஜத்தில் ஒரு டாங்கி எப்படித்தான் அழுக்காகும்? இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. வேலை நடக்கும் இடத்தில் நிற்கும் புல்டோசரை அரை மணி நேரம் பார்த்தாலே போதும். மண்ணைத் தள்ளும் தகட்டின் முனை கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். அங்கே துரு இருக்காது, ஏனென்றால் தினமும் மண் அதைத் தேய்க்கிறது. ஓட்டுநர் காலை வைத்து ஏறும் படியில் பெயிண்ட் போயிருக்கும். ஒருவரும் தொடாத பக்கவாட்டில் பெயிண்ட் அப்படியே இருக்கும், மேலே புழுதி படிந்து நிறம் மங்கியிருக்கும். சைலன்சர் மட்டும் செக்கச்செவேல் என்று துருப்பிடித்திருக்கும்.

டாங்கியும் அதேதான். சைலன்சரில் சூடு பெயிண்டை எரித்துவிடுகிறது. வெற்று இரும்பு மழையைப் பார்த்ததும் சிவக்கிறது. அங்கே வண்டிக்கு ஒரு வாரமே வயதானாலும் துரு நியாயம். சக்கரங்களின் மேல் ஓடும் இரும்பு டிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஈரத்தில் நின்றால் பழுப்பேறும். காலையில் ஓடத் தொடங்கியதும் தரையில் படும் பக்கம் மறுபடியும் வெள்ளி மாதிரி ஆகிவிடும். ஆள் ஏறி இறங்கும் மூடியின் ஓரத்தில் பூட்ஸ் தேய்த்துப் பெயிண்ட் போகும். அங்கே தெரியவேண்டியது ஆரஞ்சுத் துரு அல்ல. பென்சில் ஈயம் தேய்த்த மாதிரி ஒரு கரும்பளபளப்பு. டீசலோ பெட்ரோலோ ஊற்றும் வாயைச் சுற்றி வழிந்த கறை இருக்கும், அதன்மேல் புழுதி ஒட்டிக் கறுத்திருக்கும்.

பெயிண்ட் பெயர்ந்தால் உடனே இரும்பு தெரிந்துவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஜன்னல் கம்பிக்கு முதலில் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டுத்தானே மேலே வண்ணம் அடிக்கிறார்கள்? ஜெர்மன் டாங்கிகளுக்கும் அடியில் அதே மாதிரிச் செந்நிற பிரைமர்தான். லேசாகக் கீறினால் முதலில் தெரிவது அது. அந்தச் செந்நிறத்தைத் துரு என்று நினைத்து, அதிலிருந்து கீழே ஒழுகும் கோடு வரைகிறவர்களை என்ன சொல்வது!

இன்னொன்று. இரண்டாம் உலகப்போர்ப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. அதில் பக்கவாட்டில் ஒரு கரும்கோடு தெரிந்தால் அது எண்ணெயாக இருக்கலாம், ஈரமாக இருக்கலாம், சேறு வழிந்ததாக இருக்கலாம், வெறும் நிழலாகவும் இருக்கலாம். மாடலர் கண்ணுக்கு மட்டும் அது எப்போதும் துருவாகத் தெரிகிறது. ஏனென்றால் துரு பாட்டில் கையில் தயாராக இருக்கிறது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் உதாரணம் எம்-113. 1960-ல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த கவச வண்டி. வியட்நாம் போரில் எங்கு பார்த்தாலும் அதுதான். அதன் உடல் அலுமினியம். அலுமினியத்துக்குச் செந்துரு பிடிக்காது என்பது எட்டாம் வகுப்பு வேதியியல். ஆனால் உடல் முழுக்கச் செந்துரு வழியும் எம்-113 மாடல்கள் வரிசை வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன. அலுமினியத்துக்கே துரு வரவழைத்த பெருமை இந்தக் கலைஞர்களைத்தான் சேரும்.

இதில் ஒரு வேடிக்கை. எம்-113-இல் செம்பழுப்பு நிறத்துக்கு இடமே இல்லை என்பதல்ல. வியட்நாமின் மேட்டுநிலங்களில் மண்ணே செம்மண். அந்தப் புழுதி வண்டியின் மேல், சக்கரத்தின் மேல், ஆட்களின் முகத்தின் மேல் எல்லாம் அப்பியிருந்தது. அதே செம்பழுப்புப் பொடியை எடுத்து, சக்கரத்தைச் சுற்றியும் கிடைமட்டத் தகடுகளின் மூலைகளிலும் தூவினால் அது வியட்நாம். ஆணியிலிருந்து கீழே கோடாக இழுத்தால் அது பொய். பொடி ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். வித்தியாசம் பூசியவரின் தலைக்குள் இருக்கிறது.

அளவுக் கணக்கையும் பார்த்துவிடலாம். 1/35-ல் ஒரு மில்லிமீட்டர் என்றால் நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர். தூரிகை நுனியால் சும்மா வைக்கும் அரை மில்லிமீட்டர் புள்ளி, நிஜ வண்டியில் ஒரு சட்டைப் பொத்தானைவிடப் பெரிய பெயர்ப்பு. இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் இழுத்த துருக்கோடு ஏழு சென்டிமீட்டர், அதாவது உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு டைகரின் பக்கவாட்டில் இப்படி நாற்பது கோடு இழுத்தால் நிஜத்தில் அது டாங்கியாக இருக்காது, ஓட்டைத் தண்ணீர்த் தொட்டியாக இருக்கும்.

இப்படிச் சொன்னதும் ஒரு பதில் தயாராக வரும்: "இது கலை. புகைப்படம் அல்ல. சின்னப் பொருளில் எதையும் கூட்டித்தான் காட்டவேண்டும்."

இந்தப் பதிலில் பாதி நூற்றுக்கு நூறு சரி. அறுபது டன் பக்கம் எடையுள்ள ஒரு வண்டியின் மேல் சூரியன் போடும் நிழலை, மேசை விளக்கு ஒரு ஜாண் நீளப் பிளாஸ்டிக்கின் மேல் போடாது. ஆகவே இடுக்குகளைக் கொஞ்சம் கறுப்பாக்கவேண்டும், மேடுகளைக் கொஞ்சம் வெளுப்பாக்கவேண்டும். தூரத்தில் இருக்கும் பொருளின் நிறம் வெளிறித் தெரியும் என்பதால் அசல் நிறத்தையே சற்று இளமாக்கி அடிக்கவேண்டும். மேடையில் நடிப்பவர் முகத்தில் மை கூடுதலாக இருப்பது இல்லையா? கடைசி வரிசைக்கும் கண் தெரியவேண்டும் என்பதற்காக. அதை யாரும் பொய் என்று சொல்வதில்லை.

ஆனால் மேடையில் இருபது வயது ராஜகுமாரனுக்கு யாராவது நரைத்த தாடி ஒட்டுவார்களா? கூட்டிக் காட்டுவது வேறு, இட்டுக்கட்டுவது வேறு. இருந்த நிழலை அழுத்திச் சொல்வது முதலாவது. நடக்காத மழையைப் பெய்ய வைத்து, கழியாத வருடங்களைக் கழிய வைப்பது இரண்டாவது. முதலாவதைக் கலை என்று ஒப்புக்கொள்ளலாம். இரண்டாவதற்குக் கலை என்ற பெயர் வெறும் திரை.

அப்படியே கலைதான், கற்பனைதான் என்றால், வண்டியின் பக்கத்தில் 131 என்ற எண்ணை ஏன் ஒட்டவேண்டும்? 504-ஆவது கனரகப் படைப்பிரிவு, துனீசியா, ஏப்ரல் 1943 என்று பலகையில் ஏன் எழுதவேண்டும்? எண்ணும் இடமும் தேதியும் எழுதிய நிமிடமே அது சாட்சி ஆகிவிடுகிறது. சாட்சி சொல்ல வந்தவர் கற்பனை பண்ணக்கூடாது. தகட்டில் இருக்கும் போல்ட் பதினாறா பதினேழா என்று வருடக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள், ஒரு போல்ட் குறைந்தால் கிட் கம்பெனியைக் கிழித்துத் தோரணம் கட்டுகிறவர்கள், தங்கள் தூரிகை சொல்லும் பொய்யைப் பற்றி மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

131 மட்டுமல்ல. ஃபெர்டினாண்ட் என்ற ராட்சத வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் செய்தது 91. எல்லாம் 1943-ன் முன்பாதியில் தயாரானவை; அந்த ஜூலையிலேயே குர்ஸ்க் போரில் இறங்கின. புத்தம்புது வண்டிகள். 1942 ஆகஸ்டில் ஜெர்மன் படை ஸ்டாலின்கிராட் டிராக்டர் தொழிற்சாலையின் வாசலுக்கே வந்துவிட்டபோது, அங்கே தயாரான டி-34-கள் நேரே சண்டைக்குத்தான் போயின. துருப்பிடிக்கிற வயது வரை வாழ அந்த வண்டிகளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. உள்ளே இருந்த பிள்ளைகளுக்கும்தான்.

பெயிண்ட் பெயர்ந்த வண்டியே செய்யக்கூடாதா என்றால், தாராளமாகச் செய்யலாம். அதற்கு நிஜமாகவே இடம் உண்டு. குளிர்காலத்தில் பனியோடு பனியாக மறைய ஜெர்மானியரும் ரஷ்யரும் டாங்கிகளுக்கு வெள்ளை அடித்தார்கள். அது கழுவினால் போகிற பூச்சு, கிட்டத்தட்டச் சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு மாதிரி. ஆள் உரசினாலே போகும். மார்ச் மாதம் வரும்போது திட்டுத் திட்டாகத்தான் மிஞ்சியிருக்கும். ஹேர் ஸ்பிரே வித்தைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1943-க்குப் பிறகு ஜெர்மன் வண்டிகளின் அடிவண்ணம் அடர் மஞ்சள். மேலே போடும் பச்சையும் செம்பழுப்பும் டப்பாவில் பசையாக வந்தன. வண்டிக்காரர்களே பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து அடித்துக்கொண்டார்கள். தண்ணீரில் கரைத்தது சீக்கிரம் தேயும். அந்தத் தேய்மானத்தைக் காட்டுவது கெட்டிக்காரத்தனம். துருதான் வேண்டும் என்றால் காபூலுக்கு வெளியே குவிந்து கிடந்த சோவியத் காலத்து டாங்கிகளைச் செய்யுங்கள். அங்கே எத்தனை பாட்டில் துரு கொட்டினாலும் யாரும் குறை சொல்ல முடியாது.

அடுத்த பதில் இன்னும் எளிது: "பொழுதுபோக்குதானே! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேசையில் உட்கார்ந்து பிளாஸ்டிக்குக்குப் பெயிண்ட் அடிப்பதில் யார் குடி கெட்டது?"

குடி கெட்ட கதைதான் இது. ஒரு டாங்கி எப்போது ஒரே வாரத்தில் உடம்பெல்லாம் ஆரஞ்சாகத் துருப்பிடிக்கும் தெரியுமா? எரிந்தால். உள்ளே இருக்கும் எண்ணெயும் வெடிமருந்தும் பற்றி எரியும்போது வெளிப்பெயிண்ட் முழுக்கப் பொசுங்கிப் போகிறது. வெற்று இரும்பு வெளியே வருகிறது. அடுத்த மழையில், ஏன், அடுத்த சில நாள் பனியிலேயே மொத்த வண்டியும் செம்மஞ்சள் ஆகிவிடும். 2022-ல் கீவ் நகரின் மிக்கைலிவ்ஸ்கா சதுக்கத்தில் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்திய எரிந்த ரஷ்ய வண்டிகளைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். அவை அந்த வருடம்தான் எரிந்தவை.

ஆக, அந்த அழகான ஆரஞ்சு நிறத்துக்குப் போர்க்களத்தில் ஓர் அர்த்தம் இருந்தது. இந்த வண்டி எரிந்தது என்று அர்த்தம். டைகரில் ஐந்து பேர், டி-34-ன் முதல் வகையில் நான்கு பேர். வெளியே குதித்தார்களா, குதிக்க முடியவில்லையா என்பது அடுத்த கேள்வி. அந்த நிறத்தைக் கழற்றி எடுத்து, கமாண்டர் கம்பீரமாக மேலே நின்று கைகாட்டும் வண்டிக்குப் பூசுவது, பிணத்தின் மேல் போட்ட மாலையை எடுத்துக் கல்யாண மாப்பிள்ளைக்குப் போடுவதற்குச் சமம். பூ நன்றாகத்தான் இருக்கும். எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவர்களுக்கு வயிற்றைப் பிசையும்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. கண்காட்சி மேசைகளில் ஜெர்மன் வண்டிகளுக்குத்தான் எப்போதும் முதல் மரியாதை. டைகர் மொத்தம் செய்ததே 1,350 பக்கம்தான். ஷெர்மன் ஏறக்குறைய ஐம்பதாயிரம். மேசையைப் பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கும். அதிலும் எஸ்.எஸ். படைப்பிரிவுகளின் சின்னம் ஒட்டிய பாந்தரும் டைகரும் என்றால் தனிக் கவர்ச்சி. 'தாஸ் ரைஷ்' என்ற பெயர் அங்கே சர்வசாதாரணமாகப் புழங்கும்.

தாஸ் ரைஷ் படைப்பிரிவின் துருவை நிஜமாகவே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. பிரான்சில் ஒராதூர்-சூர்-க்ளான் என்ற கிராமம். 1944 ஜூன் 10 அன்று அந்தப் படைப்பிரிவின் ஆட்கள் அங்கே நுழைந்து 640-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். ஆண்களைக் கொட்டகைகளில் சுட்டார்கள். பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்து எரித்தார்கள். போருக்குப் பிறகு அந்தக் கிராமத்தை இடிபாடாகவே விட்டுவைக்க பிரான்ஸ் முடிவு செய்தது. எரிந்த கார்களும் தையல் மெஷின்களும் சைக்கிள்களும் துருவேறி அப்படியே இருக்கின்றன. எண்பது வருடத் துரு. எந்தப் பாட்டிலிலும் கிடைக்காத துரு.

இதனால் ஜெர்மன் டாங்கியே செய்யக்கூடாது என்று ஆகாது. வரலாற்றில் இருந்த வண்டி. செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் அழுக்கை அத்தனை ஆசையாகத் தேய்த்துத் தேய்த்துப் பூசுகிறவர்கள், அந்த அழுக்கு யார் வீட்டு வாசலில் ஒட்டியது என்பதை ஒருமுறையாவது கேட்டுக்கொள்ளவேண்டும். துருவும் சேறும் அழகாக இருக்கவேண்டும், ரத்தம் மட்டும் கண்ணில் படக்கூடாது என்றால் அதற்குப் பெயர் தத்ரூபம் இல்லை. பூசி மெழுகுவது. இந்த ஒரு இடத்தில் அந்தச் சொல் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது!

சரி, என்னதான் செய்யச் சொல்வது? பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பாட்டிலைத் திறக்கும் முன் மூன்று கேள்வி. இந்த வண்டி எந்த ஊரில் இருந்தது? எந்த மாதம்? அப்போது அதற்கு எத்தனை வார வயது? மூன்றுக்கும் பதில் தெரிந்தால் சேற்றின் நிறம் தானாக முடிவாகிவிடும்; துரு எவ்வளவு என்பதும் தானாக முடிவாகிவிடும். பதில் தெரியாவிட்டால் தேடிப் பார்க்கவேண்டும். தேடியும் கிடைக்காவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு குறைவாகப் பூசவேண்டும். குறைவாகப் பூசிய மாடல் யாரையும் ஏமாற்றுவதில்லை.

பிறகு ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம். இந்தக் கீறல் எதனால் வந்தது? பூட்ஸா, கிளையா, குண்டா? இந்தக் கோடு எங்கே தொடங்குகிறது? தண்ணீர் அங்கே எப்படி வந்தது? காரணம் சொல்ல முடியாத கறையைத் தின்னர் தொட்டுத் துடைத்துவிட வேண்டியதுதான். வெதரிங் செய்வதில் மிகக் கடினமான வேலை அந்தத் துடைப்புதான். பூசுவதற்குக் கை போதும். துடைப்பதற்குக் கொஞ்சம் நெஞ்சு வேண்டும், ஏனென்றால் கைதட்டல் அதோடு போய்விடும்.

போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எத்தனை வித்தை காட்டியிருக்கிறார் என்று எண்ணி மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டு, "இது ஏன் இங்கே?" என்று மாடலரிடம் ஒரே ஒரு கறையைக் காட்டிக் கேட்டுப் பார்க்கட்டும். பதில் சொல்பவருக்குப் பரிசு கொடுக்கட்டும். "பாட்டிலில் அப்படித்தான் போட்டிருந்தது" என்பவருக்கு அடுத்த வருடம் வரச் சொல்லட்டும்.

போவிங்டனில் நிற்கும் 131-ன் மேல் நிஜமான காயங்கள் இருக்கின்றன. பீரங்கிக்கு அடியில் குண்டு உரசிய வடு இருக்கிறது. அந்த ஒரு வடு போதும், அந்த ஏப்ரல் நாளில் என்ன நடந்தது, ஐந்து பேர் ஏன் இறங்கி ஓடினார்கள் என்று சொல்ல. அந்த ஒரு வடுவைச் சரியான இடத்தில் சரியான அளவில் போட்டு, மேலே துனீசியப் புழுதியை மட்டும் லேசாகத் தூவிவிட்டு, தூரிகையைக் கீழே வைக்கிற மாடலர் ஒருவர் எங்காவது இருப்பார். அவருக்குப் பரிசு கிடைக்காமல் போகலாம். ஆனால் மேசையில் இருக்கும் அத்தனை டைகர்களிலும் 131 என்ற எண்ணைப் போட்டுக்கொள்ளத் தகுதி உள்ளது அவருடைய வண்டி ஒன்றுதான்.